பண்ணைச் சமையல் பள்ளி: வயலுக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட தூரம்

இயற்கை வேளாண் பண்ணைக்குள் ஒரு குடும்பமே நடத்தும் சமையல் பள்ளிகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சியாளராகச் செல்லும்போது, பெரும்பாலும் முதலில் என் காதில் விழும் வாசகம், "நாங்கள் மருந்தே அடிப்பதில்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை" என்பதுதான். வாசகத்தின் முதல் பாதி உண்மை. அதன் பின்னுள்ள உழைப்பும் மதிக்கத்தக்கது. இரண்டாம் பாதியை ஏற்பதற்கில்லை. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் பயிர் விளைந்தது என்பதற்குத்தான் இயற்கை வேளாண் சான்றிதழ் சாட்சி சொல்கிறது. இலையின் மடிப்பில் நோய்க்கிருமி ஒட்டியிருக்கிறதா என்பது அதன் ஆய்வுக்குள் வருவதில்லை.

2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈகோலை என்ற குடல் கிருமியின் கொடிய தொற்று ஒன்று பரவியபோது ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர்; 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய் மீது முதலில் பழி விழுந்தது. விசாரணை முடிவில் போய் நின்ற இடமோ, லோயர் சாக்சனி மாநிலத்தில் இயற்கை முறையில் இயங்கிய ஒரு முளைப்பயிர்ப் பண்ணை. வெளிநாட்டிலிருந்து வந்த வெந்தய விதையோடு கிருமியும் வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. முளை கட்டுவதற்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகுவதற்கும் அப்படியே பொருந்துகின்றன என்பதால், வகுப்பில் முளைகட்டிய பயறு இடம்பெறுமானால் அதை வேகவைத்தே பரிமாறுங்கள் என்று நான் வற்புறுத்துவதுண்டு.

அடுத்தது எரு. மட்காத சாணத்தை மண்ணில் சேர்த்தால், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிர்களுக்கு அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்கள் முன்பும், தொடாதவற்றுக்கு 90 நாட்கள் முன்பும் சேர்த்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. குவியலாகப் போட்டுக் கிளறி மட்கவைப்பதென்றால், 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் 15 நாட்கள் நீடிக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் குவியலை 5 முறையாவது புரட்டிப் போட வேண்டும். இந்தக் கணக்குகள் குடும்பத்தில் வயலைப் பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும். வகுப்புக்கு நாள் குறிப்பவர் வேறொருவர். ஒரே வீட்டில் இருந்தாலும் எந்தப் பாத்தியில் எப்போது எரு விழுந்தது என்பதை இவர் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. பாத்தி எண்ணும் எருவிட்ட தேதியும் எழுதிய ஒரு பலகையைச் சமையலறை வாசலில் மாட்டினால் போதும், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

விருந்தினர் வந்து இறங்கியதும் பண்ணையைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். ஆட்டுக்குட்டியைத் தடவுகிறார்கள், கோழிக்கூண்டுக்குள் கைவிட்டு முட்டை எடுக்கிறார்கள், செடியிலிருந்து இலை பறிக்கிறார்கள், பிறகு அதே கையோடு வெட்டுப்பலகையின் முன் நிற்கிறார்கள். வாசலில் ஒரு சானிடைசர் புட்டியை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். கன்று, குட்டிகளின் சாணத்திலிருந்து பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை ஆல்கஹால் கொல்லாது. மண் படிந்த கையில் மற்றக் கிருமிகளிடமும் அது சரியாக வேலை செய்யாது. ஆகவே சமையலறைக்கு வெளியிலேயே, நுழையும் வழியில், சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். மண்ணோடு வரும் கூடையும் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. தரையில் இருந்த கூடையைத் தூக்கி நேராக மேசைமேல் வைத்து, அடியில் ஒட்டிய ஈரமண் பலகையோரம் உதிர, பக்கத்திலேயே பச்சையாகத் தின்னும் காயை நறுக்குவதைப் புகைப்படத்துக்கு அழகு என்று அனுமதிப்பவர்கள் இருக்கிறார்கள். புகைப்படத்தை வெளியே எடுத்துக்கொள்ளட்டும்.

விதையைத் தாங்களே எடுத்துச் சேமிக்கும் பண்ணைகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுரை, பூசணி, வெள்ளரி இனக் கொடிகளில் இயல்பாகவே குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு உண்டு. உணவுக்கென வளர்க்கும் வகைகளில் பல தலைமுறைத் தெரிவால் அது மிகக் குறைந்திருக்கிறது. அருகில் அலங்காரப் பூசணியோ காட்டு வகையோ படர்ந்து மகரந்தம் கலந்துவிட்டால், அந்த ஆண்டுக் காயில் எதுவும் தெரியாது. அதன் விதையை அடுத்த பருவத்தில் ஊன்றும்போதுதான் கசப்பு தலைகாட்டும். வேகவைத்தாலும் இந்த நச்சு அழிவதில்லை; கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுவதுமாக எறியும் பழக்கத்தைப் பாடத்தின் முதல் படியாகவே கற்றுக்கொடுக்கலாம். உப்பும் மசாலாவும் சேர்த்துக் கசப்பை மறைக்கும் சமையல் திறமைக்கு இங்கே இடமில்லை.

சிவப்பு ராஜ்மாவைப் பற்றிச் சுருக்கமாக: 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். வகுப்பு நேரத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று மிதமான சூட்டில் அரைவேக்காடாக இறக்கினால் வேகாத ராஜ்மாவில் இயல்பாக உள்ள நச்சைவிடவும் அதில் நச்சு கூடக்கூடும். நேரம் போதாதென்றால் முன்கூட்டியே வேகவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத் தொழிலுக்கே உரிய சங்கடம் வேறு. கடையில் வேலை செய்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் விடுப்பு. வீட்டில் அம்மாவே ஆசிரியர், மகனே உதவியாளர் என்றால் முன்பணம் வாங்கிய வகுப்பை யார் நிறுத்துவது? நோய் நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடக்கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நெறி. மூத்தவர்களிடம் இதைச் சொல்ல இளையவர்கள் தயங்குவார்கள் என்பதால், வகுப்பை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதை எல்லோரும் நலமாக இருக்கும் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். "இத்தனை வருடமாக நாங்களும் இதையேதானே சாப்பிடுகிறோம்" என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன். விருந்தினரில் கர்ப்பிணியும் சிறு குழந்தையும் முதியவரும் இருக்கலாம். உங்கள் குடும்பத்தின் உடல்வாகு அவர்களுக்கு அளவுகோல் ஆகாது.

வகுப்பு முடிந்து விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் சீசாவையும் கவனியுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு, சணல் கயிறு கட்டி, நினைவுப் பரிசாகத் தருகிறார்கள். உடலை முடக்கும் கொடிய நச்சை உண்டாக்குவது பொட்டுலிசக் கிருமி; மண்ணிலிருந்து பூண்டோடு வரும் அதன் வித்துகளுக்குக் காற்றுப் புகாத, புளிப்பில்லாத எண்ணெய்ச் சூழல் மிகவும் உகந்தது. நச்சு உருவானாலும் நிறமோ மணமோ மாறாமல் இருக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், குளிரில் வைக்கப்படாத இத்தகைய பூண்டெண்ணெயால் 36 பேர் பாதிக்கப்பட்டனர். பலர் ஊர் திரும்பிய பிறகே நோய் தெரிந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்கவே தாமதமாயிற்று. குளிர்பதனப் பெட்டியில் வைத்து 4 நாட்களுக்குள் தீர்க்க வேண்டிய பொருளைப் பயணத்தில் கொடுத்தனுப்புவது சரியல்ல. நன்றாக உலர்த்திய மூலிகையை அதே சீசாவில் நிரப்பி, உலர்த்திய தேதியை எழுதிக் கொடுக்கலாம்.