டிமென்ஷியா வந்தவங்களை வீட்ல வச்சுப் பாக்க அரசு காசு: எங்க கிடைக்கும், எங்க மடக்குவாங்க

முதல்லயே சொல்லிடுறேன், டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்தவங்களை வீட்ல வச்சுப் பாத்துக்கிறதுக்குன்னு பேர் போட்டு தனியா ஒரு திட்டம் நமக்கு கிடையாது. வாட்ஸாப்ல சுத்துற "அல்சைமர் நோயாளிக்கு மத்திய அரசு மானியம்" மெசேஜ் பாதிதான் உண்மை. அடல் வயோ அப்யுதய் யோஜனான்னு ஒண்ணு இருக்கு, அதுல முதியோர் இல்லம், டிமென்ஷியா ஹோம் நடத்துற நிறுவனத்துக்கு காசு போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு "எங்க வீட்டுக்குப் போகணும்"னு முகப்புக் கதவைத் தட்டுற அப்பத்தாவை சமாதானம் பண்ணி படுக்க வைக்கிற மருமகளுக்கு அதுல ஒரு பைசா வராது. அதனால வேற வேற திட்டத்துக்குள்ள நாமதான் வழி கண்டுபிடிச்சு நுழையணும். காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் பல குடும்பத்துக்கு மனு எழுதிக் குடுத்ததுல எங்கெங்க மடக்குறாங்கன்னு பாத்ததை வச்சு எழுதுறேன்.

பெரும்பாலான உதவிக்கு மூலம் மாற்றுத்திறனாளி சான்றிதழ், அதாவது யூடிஐடி கார்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, பார்க்கின்சன் பேர் இருக்கு, டிமென்ஷியா பேர் இல்ல. கவுண்டர்ல இருக்கிறவரு இதைக் காட்டியே "இது லிஸ்ட்ல வராதும்மா, வயசானா மறதி வரத்தான் செய்யும்"னு அனுப்பி விட்ருவாரு. நம்பி திரும்பி வந்துடாதீங்க. அதே சட்டத்துல மனநோய்க்கு குடுத்திருக்கிற விளக்கத்துல நினைவாற்றல் பாதிப்பும், இடம் காலம் தெரியாம போறதும் சேர்ந்தேதான் இருக்கு. டிமென்ஷியாவுக்கு அந்தத் தலைப்புலதான் சான்றிதழ் வாங்கணும். ஆனா இந்த இடத்துல வீட்டுக்காரங்களே கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க, "எங்க ஆச்சிக்கு என்ன பைத்தியமா, சொந்தபந்தம் என்ன பேசும்"னு. அந்தத் தலைப்பு அரசு ஃபைலுக்கு, உங்க வீட்டு வாசல்ல போர்டு மாட்டப் போறதில்ல.

இன்னொரு தப்பான வழி, ஆன்லைன் போட்டுத் தர்ற ஆளு "அறிவுசார் குறைபாடு"ன்னு டிக் அடிச்சு விடுறது. அது சின்ன வயசுல இருந்தே இருக்கிற பாதிப்பு, எழுபது வயசுல வந்ததுக்கு மெடிக்கல் போர்டுல தர மாட்டாங்க, மாசக்கணக்கா அலைஞ்சு மறுபடி முதல்ல இருந்து வரணும்.

சதவீதம் போடுற இடம்தான் உண்மையான பரீட்சை. ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் வச்சு மார்க் போடுவாங்க, தன்னை தானே கவனிச்சுக்கிறது, மத்தவங்களோட பழகுறது, பேச்சைப் புரிஞ்சுக்கிறது, வேலை, இந்த நாலும் பாப்பாங்க. ஒரு ஆச்சிக்கு முகாம்ல நான் பக்கத்துலயே நின்னேன். குளிப்பாட்டி, தலை பின்னி, நல்ல கண்டாங்கி கட்டி, திருநீறு பூசிக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. டாக்டர் பேர் கேட்டாரு, சொன்னாங்க. ஊர் கேட்டாரு, சொன்னாங்க. "நீங்க சாப்டீங்களா தம்பி"ன்னு அவரையே திருப்பிக் கேட்டாங்க. கூட வந்தது சிங்கப்பூர்ல இருந்து லீவுல வந்த மகன், அம்மா ராத்திரி பாத்ரூம் எதுன்னு தெரியாம கூடத்துப் பட்டாலைலயே உக்காந்துடுறது அவருக்குத் தெரியவே தெரியாது, "கொஞ்சம் மறதி சார்"னு முடிச்சுட்டாரு. முப்பது சதவீதம் போட்டாச்சு. 40க்கு கீழ வந்தா மாற்றுத்திறனாளிக்குன்னு இருக்கிற எந்த உதவித்தொகையும் கிடையாது, அந்த வெள்ளை கார்டை பீரோவுல வச்சுப் பூட்டிக்க வேண்டியதுதான்.

அதனால போர்டுக்குப் போகும்போது தினமும் கழுவித் துடைச்சு சோறு ஊட்டுற ஆளுதான் கூடப் போகணும், அது மருமகளா இருக்கட்டும், சம்பளத்துக்கு வர்ற அக்காவா இருக்கட்டும். ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க: தானா குளிக்க முடியுதா, ஊட்டி விடணுமா, எத்தனை தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போனாங்க, யாரை அடையாளம் தெரியல. வெட்கப்பட்டுக்கிட்டு "பரவால்ல சார் சமாளிக்கிறோம்"னு சொன்னீங்கன்னா அந்த வார்த்தைக்கே மார்க் குறையும். கடைசி ரெண்டு வருஷத்துல எத்தனை மாசம் நோய் இருந்ததுங்கிறதுக்கும் தனியா மார்க் உண்டு, அதனால முதல் முதலா டாக்டர்கிட்ட காட்டுன சீட்டு கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. மதுரையில பிரைவேட்ல காட்டின ஃபைல் மட்டும் வச்சுக்கிட்டு சான்றிதழ் கேட்டா தர மாட்டாங்க, அதையும் எடுத்துக்கிட்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஓபி சீட்டு போட்டு முன்னாடியே சில தடவை காட்டி வைங்க. கார்டு கையில வந்ததும் தற்காலிகமா நிரந்தரமான்னு பாருங்க. தற்காலிகம்னா முடியுற தேதிக்கு முன்னாடியே திரும்பப் போகணும், இல்லைன்னா அன்னைக்கு கார்டோட சேர்ந்து காசும் நின்னுடும். விண்ணப்பம் போட்டுட்டு போர்டுக்குப் போகாமலே விட்டாலும் ரெண்டு வருஷத்துல அது செத்துடும், 2024ல வந்த விதி திருத்தம்.

சரி, கார்டு வந்தா என்ன கிடைக்கும்? மாற்றுத்திறனாளிகள் நலத்துறை குடுக்கிற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000, 2023 ஜனவரியில 1500ல இருந்து ஏத்துனது. ஹோம் நர்ஸ் ஏஜென்சி கேக்குற காசுக்கு இது எந்த மூலைக்கு, ஆனாலும் டயப்பர் செலவுக்கு ஆகும். இதுலயும் டிமென்ஷியான்னு தனிப் பேர் கிடையாது. உங்களுக்கு இருக்கிற வாசல் "கடுமையாக பாதிக்கப்பட்டோர்", அதுக்கு 75 சதவீதம் வேணும். பார்க்கின்சனும் சேர்ந்து இருந்தா அந்தத் தலைப்புல தனியாவே கேக்கலாம், அப்படி இருக்கிறவங்க பல பேர் இதைக் கவனிக்காம விட்டுடுறாங்க. முதல்ல 50 சதவீதம் போட்டிருந்தாலும் விட்டுடாதீங்க, இந்த நோய் குறையப் போறதில்ல, முத்துனதுக்கு அப்புறம் மறு மதிப்பீடு கேட்டு மனு போடுங்க. "வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு"ன்னு சொன்னா லிஸ்ட்ல உங்க நம்பர் என்னன்னு கேளுங்க, நம்பர் இல்லாத வெயிட்டிங் லிஸ்ட்னு ஒண்ணு கிடையாது. சொல்லலைன்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.

75 வராதவங்களுக்கு வருவாய்த்துறை பென்ஷன் இருக்கு, முதியோர்னா மாசம் 1200 (2023 ஆகஸ்ட்ல ஏத்துனது), மாற்றுத்திறனாளின்னா 1500. பராமரிப்புத் தொகையும் இதுவும் ரெண்டும் சேத்து வாங்க முடியாது, தெரியாம ரெண்டும் வாங்கிட்டு பின்னாடி திருப்பிக் கட்டச் சொன்ன வீடுங்க இருக்கு. இந்த பென்ஷன்ல "ஆதரவற்றோர்"னு ஒரு சொல் இருக்கு, சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்குள்ள இருக்கணும்னு வேற இருக்கு. நம்ம செட்டிநாட்டுல இது எப்படி உதைக்கும்னு உங்களுக்கே தெரியும். விஏஓ வந்து பாப்பாரு, எதிர்ல ரெண்டு தெரு நீளத்துக்கு வீடு நிக்கும், பர்மா தேக்குத் தூண் நிக்கும், "இந்த வீட்டுக்காரங்களுக்கு அரசு காசா"ன்னு சிரிச்சுட்டு எழுதிட்டுப் போயிடுவாரு. உள்ள இருக்கிற ஆச்சிக்கு இருபது பங்காளிக்கு நடுவுல ஒரு புள்ளிதான், அதாவது ஒரு பங்குதான், உள்முற்றத்தைச் சுத்தின வளவுல ஒரு அறைதான், ஓடு ஒழுகுது, விக்கவும் முடியாது வாடகைக்கு விடவும் முடியாது, அதெல்லாம் ரிப்போர்ட்ல வராது. அதைவிடக் கொடுமை, அந்த வீட்ல நாப்பது அம்பது வருஷம் சமையல் பண்ணி, காவல் காத்து, பின்கட்டுலயே தங்கிட்டவங்க. அவங்களுக்கு மறதி நோய் வந்தா அட்ரஸ்ல அந்த வீட்டு நம்பரைப் பாத்தே தள்ளிடுறாங்க.

விஏஓ வர்றதுக்கு முன்னாடியே நீங்க பேப்பரோட தயாரா இருங்க. கூட்டுப் பட்டா நகல், எத்தனை பங்குன்னு காட்டுற பாகப்பத்திரம் இருந்தா அது, வீட்டு வரி ரசீது யார் பேர்லங்கிறது, எல்லாத்தையும் மனுவோடயே இணைச்சு "இவருடைய பங்கு இவ்வளவுதான்"னு ஒரு வரி எழுதிடுங்க. பின்கட்டுல இருக்கிறவங்கன்னா இந்த வீடு இவங்களுக்குச் சொந்தமில்லன்னு வீட்டுக்காரங்ககிட்ட ஒரு கடிதம். நிராகரிச்சா வாய்ல சொன்னதைக் கேட்டுட்டு வராம, காரணத்தோட எழுத்துல வாங்குங்க. எழுத்துல இருந்தாத்தான் மேல போக முடியும், காரைக்குடி, தேவகோட்டை தாலுகான்னா தேவகோட்டை சப் கலெக்டர் ஆபீஸ். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்தாலும் பதிவு நம்பர் வாங்காம வெளிய வராதீங்க.

மாவட்ட எல்லையும் ஒரு தொல்லை. செட்டிநாடு நமக்கு ஒரே ஊர், அரசுக்கு ரெண்டு மாவட்டம். காரைக்குடி, கானாடுகாத்தான்னா சிவகங்கை போகணும், பொன்னமராவதி, ராயவரம்னா புதுக்கோட்டை. ஆஸ்பத்திரிக்கு காரைக்குடி வர்றவங்க சிவகங்கையில மனு குடுத்துட்டு ஏமாந்து நிக்கிறாங்க, உதவித்தொகை மனுன்னா ஆதார்ல எந்த மாவட்டமோ அங்கதான். மகன் வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டும்னு ஆதாரை சென்னைக்கு மாத்தி, அங்க ஃப்ளாட்ல அடைஞ்சு இருக்க முடியாம ஊருக்கே திரும்பி வந்த ஆச்சிங்க எத்தனை பேரு. முதல்ல அட்ரஸை மாத்துங்க. கை ரேகையும் தேஞ்சு போயிருக்கும், ஒரு இடத்துல உக்காரவும் மாட்டாங்க, கண் கருவிழி மெஷின் இருக்கிற சென்டரா பாத்து காலையில கூட்டிட்டுப் போங்க, சாயங்காலம் ஆனா இவங்களுக்கு பதட்டம் கூடும்.

மாமியாருக்கு பென்ஷன் வந்தா தன்னோட மகளிர் உரிமைத் தொகை 1000 போயிடும்னு பயந்துக்கிட்டே மனு போடாம இருக்கிற மருமகள் நிறைய. அதனால மட்டும் போகாது, 2023லயே அதைத் தளர்த்திட்டாங்க.

காசா இல்லாம ஆளா கிடைக்கிறது ஒண்ணு இருக்கு, மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தான்னு நினைக்கிறாங்க. படுத்த படுக்கையா ஆனவங்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வரணும், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டணும், ட்யூப் பாக்கணும். மாத்திரை கொண்டு வர்ற அக்காகிட்ட சும்மா சொல்லி வைக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய் பேரை பதிவு பண்ணுங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் வேலை செய்யும், வீட்டுச் செலவுக்கு ஆகாது. நிராமயா இன்சூரன்ஸ் எடுத்துத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும்தான்.

வரி கட்டுற பிள்ளைங்களுக்கு, 80டிடிபி பிரிவுல டிமென்ஷியா பேரோடயே இருக்கு, 40 சதவீதம் பாதிப்பும் நரம்பியல் நிபுணர் சீட்டும் வேணும், முதியவர்னா வரி போடுற வருமானத்துல ஒரு லட்சம் வரை கழிக்கலாம். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுல இருக்கிற என்ஆர்ஐ மகன் கேக்க முடியாது, ஊர்ல இருந்து செலவு பண்ற மகள் கேக்கலாம்.

பேங்க் விஷயத்தை நோய் ஆரம்பத்துலயே முடிச்சுடுங்க, கையெழுத்து ஞாபகம் இருக்கும்போதே ஜாயின்ட் அக்கவுண்டா மாத்தி வைங்க. நோய் முத்துனதுக்கு அப்புறம் எழுதி வாங்குற பவர் பத்திரம் செல்லாது, முன்னாடியே எழுதுனதும் புத்தி தெளிவு போனதும் செத்துப் போன மாதிரிதான், பங்காளி எவனாவது "ஆச்சிகிட்ட ஒரு கைநாட்டு"ன்னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. பென்ஷன் வர ஆரம்பிச்சதும் மாசாமாசம் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாருங்க, வருஷம் ஒரு தடவை உயிரோட இருக்காங்கன்னு சான்று கேப்பாங்க, அது போகலைன்னா யாரும் சொல்லாமலே நின்னுடும், நின்ன மாசத்துலயே போய்க் கேட்டாத்தான் திரும்ப வரும்.