சுண்ணாம்பு தடவிய முட்டி

அக்காவின் மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். போன கோடையில் பூர்கோஞ் பகுதியில் ஒரு சைக்கிள் சுற்றுலா போயிருக்கிறான். போன் என்ற சின்ன நகரத்தில் புறப்பட்டு, திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்துப் போகும் பாதையில் சாந்தனே என்ற ஊர் வரைக்கும். முன்னால் வழிகாட்டி, பின்னால் பத்துப் பேர். இடையில் மெர்சோவில் இறங்கி நிலவறையில் வைன் சுவைத்தார்களாம். மத்தியானம் சிவப்பு வைனில் மணிக்கணக்காக வேகவைத்த மாட்டிறைச்சி.

அப்படியென்றால் நம் யாழ்ப்பாணத்திலும் ஒரு சுற்றுப் போவோம் என்று இரண்டு சைக்கிள் எடுத்தேன். உரும்பிராய்ப் பக்கத்து முந்திரிகைப் பந்தல்களைக் காட்டினேன் (திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம்). அப்புறம் கோப்பாயிலிருந்து கைதடி வீதியில் மிதித்தோம். வழியில் ஒரு கள்ளுத் தவறணையில் நின்றபோதுதான் கேட்டான்: "மாமா, அங்க வைன் பத்து வருசம் கிடந்தாலும் நல்லா இருக்குது. எங்கட கள்ளு மட்டும் ஏன் அடுத்த நாளே புளிச்சுப் போகுது?"

கேள்வி சின்னது, விஷயம் பெரியது.

இரண்டுக்கும் வேலைக்காரன் ஒருவன்தான்: மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர். சர்க்கரையைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அது வேலை செய்யும் இடம் இரண்டிலும் வேறு. திராட்சைச் சாறு பிழிந்தபோதே நல்ல புளிப்பு, பி.எச் 3 முதல் 4 வரை (பி.எச் என்பது புளிப்பின் அளவுகோல்; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்). பெரும்பாலான பற்றீரியாக்களுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. சர்க்கரையும் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் உண்டு; அதனால் அற்ககோல் 12, 13 வீதம் வரை ஏறி, மிஞ்சிய கிருமிகளையும் அடக்கிவிடும். பிறகு காற்றுப் படாமல் போத்தலில் அடைத்து மூடுகிறார்கள். பனஞ்சாறோ பாளையிலிருந்து சொட்டும்போது ஏறக்குறைய நடுநிலை, பி.எச் 7. சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். அத்தனையும் மாறினாலும் எடையில் ஆறு வீதம் அளவுக்குத்தான் அற்ககோல் வரும். சாறு சேரப் பாளையில் கட்டும் முட்டியின் (சிறு மண்பானை) வாயும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

வருகிறார்கள். இலற்றிக் அமில பற்றீரியாக்கள் வந்து சாற்றைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மதுவத்துக்கு வாய்ப்பாகிறது, நுரை பொங்குகிறது, கள்ளு தயார். நேரம் போகப் போக அசற்றிக் அமில பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை வினாகிரி ஆக்கிவிடுகின்றன. மருமகன் கேட்ட புளிப்பில் பெரும் பங்கு இவர்களுடையது.

அதே மரம், அதே பாளை, அதே சாறு. ஆனால் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது கள்ளு அல்ல, இனிப்பான கருப்பநீர் (பதநீர்). எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத இடம் இதுதான்.

பனஞ்சாற்றில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் சுக்குரோசு. குளுக்கோசும் பிரக்டோசும் கைகோத்த இரட்டை மூலக்கூறு அது. மதுவம் அதைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே எடுத்து விழுங்குவதில்லை. தன் உடம்புக்கு வெளியே, கலச்சுவரை ஒட்டிய இடுக்கில், இன்வேட்டேசு என்ற நொதியத்தை (என்சைம்) வைத்திருக்கிறது. அந்த நொதியம் வாசலிலேயே சுக்குரோசை இரண்டாக உடைக்க, உடைந்த துண்டுகள் உள்ளே போகின்றன. அதாவது சமையல் வீட்டுக்கு வெளியே, திண்ணையில் நடக்கிறது. திண்ணையில் நடப்பதால் வெளி வானிலை அதைத் தொடும். அந்த நொதியம் நன்றாக வேலை செய்வது பி.எச் 4.5, 5 அளவிலான இலேசான புளிப்பில். சுண்ணாம்போ புளிப்புக்கு எதிரான காரம். அது கரைந்த சாற்றில் பி.எச் 7க்கு மேலே போய்விடும். நொதியத்தின் வேகம் விழுகிறது, மதுவம் பெருகுவதும் தடைப்படுகிறது. புளிப்பை உண்டாக்கி அதற்கு வழி திறக்கும் பற்றீரியாக்களும் அடங்கிப்போகின்றன. மீறி உண்டாகும் கொஞ்ச அமிலத்தையும் சுண்ணாம்பு நடுநிலையாக்கிவிடுகிறது.

இதற்குச் சாட்சி, கருப்பநீரைக் காய்ச்சி எடுக்கும் பனங்கட்டி. சுக்குரோசு உடையாமல் இருந்தால்தான் காய்ச்சிய பாகு இறுகி உறையும், பனங்கற்கண்டு பளிங்காக விளையும். குளுக்கோசும் பிரக்டோசும் கூடிவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுவென்று இழுபடும். கையில் எடுத்த பனங்கட்டி 'டக்'கென்று உடைகிறதா, அந்த முட்டியில் சுண்ணாம்பு சரியாக வேலை செய்திருக்கிறது.

இந்த அறிவு முழுவதும் பனை ஏறிச் சாறு இறக்கும் சீவல் தொழிலாளர்களுடையது. பாளையைக் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவாவிட்டால் சாற்றைக் கொண்டுவரும் உரியக் குழாய்கள் அடைபட்டு ஊற்று நின்றுவிடும் என்பதும், எவ்வளவு சுண்ணாம்பு போதும் என்பதும் அவர்கள் கைக்குத் தெரியும். பி.எச் என்ற சொல் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தெரியும். அந்தத் தொழிலைச் சாதி பார்த்துத் தாழ்த்தியது நம் சமூகம் செய்த பெரிய பிழை என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

வைன் ஏன் கெடுகிறது என்று ஆராயும்படி 1863இல் நுண்ணுயிர் ஆய்வாளர் லூயி பாஸ்ரரைக் கேட்டுக்கொண்டவர் பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். பாஸ்ரர் தான் வளர்ந்த ஆர்புவா ஊர் வைன்களையே எடுத்து ஆராய்ந்தார். 50 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் கெடுக்கும் கிருமிகள் அடங்கும் என்று காட்டினார். இன்று போத்தலில் அடைத்து வரும் கள்ளுக்கும் அதுபோலச் சூடாக்குவதுதான் காவல். நமக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மணமும் சுவையும் குறையாமல் கள்ளை எப்படி வைத்திருப்பது, எந்த மதுவ இனத்தைத் தெரிந்தெடுப்பது என்பதெல்லாம் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆட்களும் பணமும் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. பனைக்கு விழா எடுக்கும் காசில் ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.

அடுத்த நாள் காலை அம்மா கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவில் அப்பம் சுட்டார். ஓரத்துக் கண்ணறைகள் எல்லாம் மதுவம் விட்ட காபனீரொட்சைட்டு. மருமகனுக்குக் கருப்பநீரும் வைத்தார், பச்சை மாங்காய் சீவிப் போட்டு. ஏன் மாங்காய் என்று கேட்டான். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் நாக்கில் காரும். மாங்காயின் அமிலம் அந்தக் காரத்தை நடுநிலையாக்கும் என்றேன். "உதெல்லாம் எனக்குத் தெரியாது, போட்டால் ருசி" என்றார் அம்மா. அவன் இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தான்.