மனந்திரும்புதல்: தாபமும் திருப்பமும்

"சித்தப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம், அதான் கல்யாணத்துக்கு வரலை." இந்த மனஸ்தாபம் எல்லோருக்கும் தெரியும். சண்டை என்று சொல்லக் கூச்சப்படும் இடத்தில் வரும் சொல். ஆனால் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், ஆதியாகமம் 6:6இல், மனுஷனை உண்டாக்கினதற்காகக் "கர்த்தர் மனஸ்தாபப்பட்டார்" என்று இருக்கும். சிறு வயதில் இதைப் படித்தபோது, கடவுள் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்று எனக்குப் புரியவே இல்லை.

மத்தேயு 27:3இல், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்படுகிறான். முப்பது வெள்ளிக்காசைக் கொண்டுபோய் ஆசாரியர்களிடமே போட்டுவிட்டு, நான்றுகொண்டு சாகிறான். அவன் மனந்திரும்பினான் என்று அந்த இடத்தில் எழுதவில்லை. இது தற்செயலல்ல. கிரேக்க மூலத்திலேயே இரண்டும் வேறு சொற்கள். யூதாசுக்கு வருவது மெட்டாமெலொமாய்: செய்து முடித்த பிறகு வந்து உறுத்தும் கவலை. யோவான் ஸ்நானகனும் இயேசுவும் பிரசங்கிக்கும்போது வருவது மெட்டானொயா. 'மெட்டா' என்பது பின், மாற்றம் என்ற பொருள் தரும் முன்னொட்டு. 'நூஸ்' என்றால் மனம், அறிவு. உள்ளே நினைக்கிற விதமே மாறிப்போவது.

2 கொரிந்தியர் 7:10இல் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன: "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது." கிரேக்கத்தில் எங்கே எந்தச் சொல்லோ, தமிழிலும் அங்கே அதற்கான சொல். 1871இல் ஹென்றி பவர் குழுவின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்றும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அந்த வழியில் வந்த பைபிள்தான். அதன் நடையைக் கேலி செய்பவர்கள் உண்டு. இந்த ஒரு வரியைப் பார்த்தபின் எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

சரி, மனஸ்தாபம் எப்படிச் சண்டையானது? 'தாபம்' என்றால் வெப்பம், தகிப்பு. மனஸ்தாபம் மனத்தின் எரிச்சல். பச்சாத்தாபம், 'பச்சாத்' அதாவது பிற்பாடு வரும் தகிப்பு. அனுதாபம், தொடர்ந்து வரும் தகிப்பு. வடமொழியில் பின்னிரண்டுக்கும் செய்ததை எண்ணி வருந்துதல் என்பதே பொருள். தமிழுக்கு வந்தபின் மூன்றும் வீடு மாறிவிட்டன. மனஸ்தாபம் பகையானது. பச்சாதாபம் அடுத்தவர் மேல் வரும் இரக்கமானது. அனுதாபம் தேர்தலில் ஓட்டு வாங்கித் தரும் அலையானது! நம் தவற்றுக்காக நாமே வேகிற வேக்காட்டைச் சொன்ன சொற்கள், மெல்ல மெல்ல அடுத்தவரைப் பற்றியதாக ஆகிவிட்டன. இதில் மொழியை விட மனிதர்களைப் பற்றிய செய்தி அதிகம் என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்கர் வழக்கில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருந்தது. பாவசங்கீர்த்தனத்தோடு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதோடு, சொல்லும் செபத்தின் பெயரே உத்தம மனஸ்தாப மந்திரம். 'உத்தம' என்ற அடை கவனிக்கத்தக்கது. நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று, கடவுள் மீதுள்ள அன்பால் வருந்துவது வேறு. இரண்டாவதுதான் உத்தமம்.

இனி 'திரும்பு'. மெட்டானொயா என்ற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் அதில் திரும்புதல் எங்கும் இல்லை. அது எபிரேயத்திலிருந்து வருகிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் ஜனங்களைக் கூப்பிட்டபோது சொன்னது 'ஷூவ்': திரும்பு, திரும்பி வா. ஊருக்குத் திரும்புவதற்கும் அதே சொல்தான். ஓசியா 14:1, "இஸ்ரவேலே, உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்பு." யோவேல் தீர்க்கதரிசி, வஸ்திரங்களையல்ல, இருதயங்களைக் கிழித்துத் திரும்புங்கள் என்கிறார். கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கிறது நம் மனந்திரும்புதல். மனம், திரும்பு, நடுவில் மகரம் நகரமாகிறது. அவ்வளவு எளிய புணர்ச்சி.

ஆனால் 'திரும்பு' இங்கேயே செலவாகிவிட்டதால் ஒரு சிக்கல் வந்தது. அப்போஸ்தலர் 3:19இல் பேதுரு மெட்டானொயாவையும், அதற்குப் பக்கத்திலேயே 'திரும்புங்கள்' என்று நேர்ப்பொருள் தரும் இன்னொரு வினையையும் சொல்கிறார். தமிழில் என்ன செய்வது? "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்று போட்டார்கள். இன்று குணமாவது காய்ச்சல். அன்று குணப்பட்டது ஆள்.

லத்தீன் பைபிளில் கதை வேறு மாதிரிப் போயிற்று. மெட்டானொயாவுக்கு அங்கே பேனித்தென்ஸியா. வருத்தம் என்றும், பாவத்துக்காகச் செய்யும் தவமுயற்சி என்றும் பொருள்படும். மனந்திரும்புங்கள் என்ற கட்டளை, காதுக்குத் தவமுயற்சி செய்யுங்கள் என்று கேட்க ஆரம்பித்தது. 1516இல் எராஸ்முஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஆண்டு, சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்துவின் கட்டளை என்றார். நம்மூர்க் கூட்டங்களில் "அவர் மனந்திரும்பினவர்" என்று ஏதோ பட்டம் வாங்கி முடித்தவரைப் போலச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்புறம், சரியான தமிழ் எது என்ற கேள்வி. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மனம் மாறுங்கள்' என்கிறது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது குரு சொல்வதும் "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்." கிரேக்கத்துக்கு இது நெருக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தமிழ்க் காதுக்கு மனம் மாறுவது எந்தப் பக்கமும் மாறலாம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களும் மனம் மாறுகிறார்கள். திரும்புவதற்கு விட்டு வந்த ஓர் இடம் இருந்தாக வேண்டும்.

கழிவிரக்கம் நல்ல தமிழ்தான். கழிந்ததை எண்ணி இரங்குவது. ஆனால் அது யூதாசின் பக்கம் நிற்கிற சொல், இப்போது தன்னிரக்கம் என்ற பொருளுக்கும் நழுவிவிட்டது. 'எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று' என்ற 655ஆம் குறளின் பின்பாதிக்கு உரைகளில் இரண்டு பொருள் உண்டு. செய்துவிட்டால் மீண்டும் அத்தகையதைச் செய்யாதே என்பது ஒன்று, உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் மனந்திரும்புதலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம்.

'மனம்' வடசொல்தானே என்பார்கள். 'மனத்துக்கண் மாசிலன்' என்று வள்ளுவரே குடிவைத்துவிட்டார். இனி அதைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

லூக்கா 19இல் சகேயு கதையில் மனந்திரும்புதல் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. வரி வசூலில் பணம் சேர்த்தவன். அழுதான் என்றும் இல்லை. எழுந்து நின்று, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது எதுவானாலும் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான்.