வெள்ளைப் புள்ளிக்கு மருந்து கேட்கும் முன்

மீன் வைத்தியத்துக்கு என்னைக் கூப்பிட்டதில், இந்த மாதத்தில் இது நான்காவது கடல்மீன் தொட்டி. "டாக்டர், மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்திருக்கு, மருந்து எழுதிக் குடுங்க." போய்ப் பார்த்தால், ஹீட்டருக்குப் பின்னால் இரண்டு விரல் இடுக்கில் ஒரு கோமாளி மீன் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வால் நார்நாராகக் கிழிந்திருக்கிறது, செவுள் படபடக்கிறது. தொட்டி நடுவில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு மீன், டோமினோ டாம்செல். கண்ணாடியில் என் விரல் பட்டதும் அதையும் கொத்த வந்தது.

"அதுவா? தண்ணி பக்குவமாகட்டும்னு முதல்ல விட்டது. நகம் அளவுதான் இருந்துச்சு."

நகம் அளவு இருந்தது 12 செ.மீ. தாண்டி வளரும், ஐயா. தொட்டியைப் பக்குவப்படுத்த, அதாவது கழிவின் அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியாவை வளர்க்க, மீனே வேண்டாம். வெறும் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு 4 முதல் 6 வாரம் பொறுத்தால் போதும். பிறகு அம்மோனியா இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டு மீன் விடுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த வசனத்தில்தான்: "பசியில கடிக்குது, வயிறு நிறையப் போட்டா அடங்கிடும்." அடங்காது. டாம்செலின் இரை மிதவையுயிரும் பாசியும். பக்கத்து மீனின் வால் அல்ல. அது காப்பது தன் இடத்தை. கூடுதல் தீனி தண்ணீரைத்தான் கெடுக்கும். கடலில் தோற்ற மீன் பத்து மீட்டர் தள்ளிப் போனால் சண்டை முடிந்தது. நான்கடித் தொட்டியில் எங்கே போகும்? "ரெண்டு நாள்ல பழகிடுச்சு" என்கிறீர்களே, பழகவில்லை. மற்றது வெளியே வருவதை நிறுத்திவிட்டது.

புள்ளியை உண்டாக்குவது ஒட்டுண்ணிதான், மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டு, தின்னாமல் கிடக்கும் மீன்தான் முதலில் சாகிறது. தயவுசெய்து ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். பவளமும் இறாலும் போய்விடும். எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம், டோமினோவுக்கும் சேர்த்து. பெரிய தொட்டி அதுவரை பல வாரம் மீனில்லாமல் கிடக்கட்டும், ஒட்ட மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகும்.

மீன்களைத் திருப்பி விடும் முன் பாறைகளைக் கலைத்து அடுக்குங்கள், டோமினோ தன் பழைய இடத்தை அடையாளம் காணக் கூடாது. (மருந்துச் சீட்டில் இதை எழுதினால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.) சாதுவான மீன்கள் முதலில். அவை இடம் பிடித்த பிறகு, கடைசியாக டோமினோ, அதுவும் விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்குள்ளேயே துளைபோட்ட கண்ணாடிப் பெட்டியில் ஒரு வாரம். அப்போதும் துரத்தினால் அதற்குத் தனித் தொட்டி.

வைத்தியத்துக்குத் தனித் தொட்டி இல்லை என்கிறார்கள். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஹீட்டர், காற்று பம்ப், ஒளிய இரண்டு குழாய்த் துண்டு. இவற்றைத் தயார் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறேன்.