விதி தெரியும், கை கேட்காது

மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் நீல முயலின் படம், இன்னொன்றில் சிவப்புப் படகின் படம். சிவப்பு முயல், நீலப் படகு வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். குழந்தை அழகாகப் பிரித்துவிடுகிறது. பிறகு, "இனி நிறம் வேண்டாம், உருவத்தைப் பார்த்துப் போடு" என்கிறார்கள். குழந்தை மறுபடியும் நிறத்தைப் பார்த்தே போடுகிறது. "இந்த ஆட்டத்தில் முயல் எங்கே போகும்?" என்று கேட்டால் சரியான தட்டைக் காட்டுகிறது. அடுத்த நொடியே முயல் அட்டையைக் கையில் கொடுத்தால் தவறான தட்டில் போடுகிறது.

உளவியலாளர் ஃபிலிப் செலாசோவும் அவருடைய சகாக்களும் கனடாவில் 1990களில் செய்து காட்டிய சோதனை இது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் விதியை அறிவதற்கும் விதிப்படி நடப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி ஐந்து வயதோடு மூடிவிடுவதில்லை. வேலை கடினமாக ஆக, அது பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் வேறு வேறு இடங்களில் திறந்துகொள்கிறது. பழைய பழக்கத்தை அடக்குவது, புதிய விதியை நினைவில் பிடித்து வைப்பது, கையை அதன்படி ஏவுவது ஆகியவற்றில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும்.

கடைக்குத் தனியாக அனுப்பலாமா, அடுப்பருகே விடலாமா, வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு வயதை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். வயது ஒரு தோராயமான அடையாளம் மட்டுமே. குறிப்பிட்ட வேலை குழந்தையின் கண்ணிடமும் மூளையிடமும் எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சாலையைக் கடப்பதை எடுத்துக்கொள்வோம். நம்மை நோக்கி நேராக வரும் வண்டி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்வதில்லை. அதன் உருவம் விழித்திரையில் மெல்லப் பெரிதாகிறது. வேகத்தைக் கணிக்கக் கண்ணுக்குக் கிடைக்கும் முக்கியமான தடயம் அதுதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், நம்மை வந்தடைய ஐந்து விநாடி மீதமிருக்கும்போது சுமார் 42 மீட்டர் தொலைவில் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதே ஐந்து விநாடி மீதமிருக்கும்போது 83 மீட்டர் தொலைவில் இருக்கும். தொலைவு கூடியதால், அதன் உருவம் பெரிதாகும் வேகம் முதல் காரோடு ஒப்பிட்டால் பாதிதான். அதாவது, அதிக ஆபத்தான வண்டிதான் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. பெரியவர்களின் பார்வை இந்த நுண்ணிய மாற்றத்தைப் பிடித்துவிடுகிறது. தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளால் அது முடிவதில்லை என்பதை இங்கிலாந்தில் ஜான் வான் குழுவினர் 2011இல் காட்டினார்கள். ஐந்து விநாடி தொலைவில், மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் வரும் வண்டி நெருங்குவதையே அந்த வயதினர் உணராமல் போகலாம் என்பது அவர்களின் முடிவு. "வண்டி வருவது உனக்குத் தெரியவில்லையா?" என்று அதட்டும்போது, தெரியவில்லை என்பதே குழந்தையின் உண்மையான பதிலாக இருக்கக்கூடும்.

பார்ப்பது ஒரு பாதி என்றால், பார்த்ததற்கு ஏற்பக் காலை எடுத்து வைப்பது மறு பாதி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி ப்ளூமெர்ட் குழுவினர் திரையில் உருவாக்கிய ஒரு சாலையை, கார்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போது, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைக் கடக்க வைத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, ஆறு வயதினர் 8 சதவீத முயற்சிகளில் காரில் அடிபட்டிருப்பார்கள். எட்டு வயதில் அது 6, பத்து வயதில் 5, பன்னிரண்டு வயதில் 2 சதவீதம். பதினான்கு வயதினர் ஒருமுறைகூட அடிபடவில்லை. சிறியவர்களும் பெரியவர்களைப் போன்ற இடைவெளியையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் முதல் அடியை எடுத்து வைக்கத் தாமதித்தார்கள். பன்னிரண்டு வயதினரின் கால்களும் இன்னும் முழுத் துல்லியம் பெறவில்லை. ஆனாலும் அவர்கள் பெரிய இடைவெளிக்காகக் காத்திருந்து அதை ஈடுசெய்தார்கள். இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த இடம்தான். தன் குறையை உணர்ந்து அதற்கேற்ப நிதானிக்கத் தொடங்குவதைவிடத் தெளிவான முதிர்ச்சி அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சோதனையில் கார்கள் ஒரே தடத்தில், ஒரே திசையில் வந்தன. நம் ஊர்ச் சாலைகளில் எதிர்த்திசையில் வரும் பைக்கும் நினைத்த இடத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவும் சேர்ந்துகொள்ளும்போது அந்த எண்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆகவே, தெருவுக்குள்ளேயே இருக்கும் கடைக்குப் போவதும் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடைக்குப் போவதும் ஒரே வேலை அல்ல. ஒன்றுக்குத் தயாராக இருக்கும் பிள்ளை மற்றொன்றுக்குத் தயாராக இல்லாமல் இருப்பது இயல்பு. இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம்தான். பத்தொன்பது ஆண்டுகளில் குழந்தைகளின் மூளை மாறிவிடவில்லை. மாறியவை சாலையும் பெற்றோரின் அச்சமும். பள்ளியருகே வேகத்தடையும் நடைபாதையும் கேட்டுப் போராடுவதும் பிள்ளையைத் தயாராக்கும் வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

சமையலறைக்கு வருவோம். "மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடு" என்பதும் "இருபது நிமிடம் கழித்து அணைத்துவிடு" என்பதும் ஒன்றுபோல ஒலிக்கும். மூளைக்கு அவை வேறு வேலைகள். முதலாவதில் வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்து நினைவூட்டுகிறது. இரண்டாவதில், வேறு எதிலோ ஆழ்ந்திருக்கும்போது தானாகவே விலகி வந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இது பெரியவர்களுக்கே கடினமானது. ஸ்டீபன் செசியும் யூரி பிரான்ஃபென்பிரென்னரும் 1985இல் பத்து, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம், கேக்கை முப்பது நிமிடத்தில் அடுப்பிலிருந்து எடுப்பது போன்ற பொறுப்புகளைக் கொடுத்து, காத்திருக்கும் நேரத்தில் வீடியோ விளையாட்டு ஆட விட்டார்கள். சொந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் தொடக்கத்தில் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதன் மூலம் நேரம் ஓடும் வேகத்தை மனத்துக்குள் பழக்கிக்கொண்டு, பிறகு கவலையின்றி விளையாடி, முடிவு நெருங்கும்போது மறுபடி பார்க்கத் தொடங்கினார்கள். அறிமுகமில்லாத ஆய்வகத்தில் இந்தச் சாமர்த்தியம் பெரும்பாலும் மறைந்து, பதற்றத்தோடு திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பழகிய இடத்தில் ஒரு பிள்ளையிடம் தெரியும் திறமை புதிய இடத்தில் இல்லாமல் போகலாம். பாட்டி வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்பும் பிள்ளைக்கு ஒன்றல்ல.

குக்கர் வேலையைத் துண்டுகளாகவும் பிரிக்கலாம். விசிலை எண்ணி அம்மாவை அழைப்பதை ஏழு வயதுப் பிள்ளை செய்துவிடும். பெரியவர் வீட்டில் இருக்கும்போது அடுப்புத் திருகியை அணைப்பதற்கு, அடுப்பின் உயரம் பிள்ளையின் இடுப்பளவில் இருக்க வேண்டும். எட்டி, சாய்ந்து அணைக்கும்போதுதான் சட்டை நுனியில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. ஆவி அடங்கியதா என்று வெயிட்டைத் தூக்கிப் பார்த்து மூடியைத் திறப்பது கடைசிப் படி. அவசரத்தை அடக்கத் தெரிந்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.

திறமையைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், விருப்பத்தைக் கையில் இருக்கும்போதே தொலைத்துவிடுகிறோம். ஃபெலிக்ஸ் வார்னெகெனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006இல் காட்டியபடி, பதினெட்டு மாதக் குழந்தைகூட, துணி உலர்த்துபவர் கிளிப்பைத் தவறவிட்டால், யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறது. பிறகு செய்த ஆய்வில், உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பெறாதவர்களைவிட அடுத்த முறை குறைவாகவே உதவின. நம் வீடுகளில் சப்பாத்தி மாவைத் தொட வரும் மூன்று வயதுக் குழந்தையை "போய் விளையாடு" என்று அனுப்புகிறோம். பத்து வயதில் அதே பிள்ளையைக் கூப்பிட்டால் வருவதில்லை என்று வருந்துகிறோம். மெக்சிகோவின் குவாதலஹாராவில், பூர்வகுடி மரபைச் சேர்ந்த குடும்பங்களில், சின்னஞ்சிறு பிள்ளைகளையும் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க விடுகிறார்கள். அங்கே பிள்ளைகள் தாமாகவே முன்வந்து வீட்டு வேலைகளில் பங்கெடுப்பதை பார்பரா ரோகாஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ரோகாஃப், 1975இல் உலகின் 50 சமூகங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆடு மேய்ப்பது, தம்பி தங்கையைக் கவனிப்பது போன்ற பொறுப்புகள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்குவதைக் கண்டார். ஆய்வகம் இல்லாத அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தே அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் நம்மிடையே அந்தக் கணிப்பு நேர்மையாக நடப்பதில்லை. எட்டு வயது அக்காவின் கையில் துடைப்பம் வருகிறது. பத்து வயது அண்ணன் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை. இதற்கு மூளை வளர்ச்சியில் எந்தக் காரணமும் கிடையாது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு சிறுமி பள்ளிக்குப் போகாமல் நின்றால், அதைப் பொறுப்பு என்று அழைக்கவே கூடாது.

பதின்வயதில் கணக்கு மறுபடியும் மாறுகிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் 2005இல் நடத்திய கார் ஓட்டும் விளையாட்டுச் சோதனையில், நண்பர்கள் உடனிருந்தபோது பதின்வயதினர் தனியாக இருந்ததைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தனியாகப் பஸ்ஸில் போய் வரும் பதினான்கு வயதுப் பையன், நண்பர்களோடு குளத்துக்குப் போகும்போது வேறொரு நிலையில் இருக்கிறான்.

கடைக்கு அனுப்பும் முன், விதிகளை ஒப்பிக்கச் சொல்வதால் அதிகம் தெரியாது. அட்டைகளை வைத்து ஆடிய குழந்தையும் சரியாகத்தான் ஒப்பித்தது. கடை பூட்டியிருந்தால் என்ன செய்வாய், சில்லறை குறைந்தால் என்ன செய்வாய், வழியில் நாய் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் தெரியும். பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் நடந்துபோனால் நிறையவே தெரியும். எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் முதலில் பார்க்கிறது, எவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காத்திருக்கிறது என்று கவனிக்கலாம். முதல்முறை தனியாக அனுப்புவது ஞாயிற்றுக்கிழமை காலையாக இருக்கட்டும். சாலையில் வண்டிகள் குறைவு, பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும், திரும்பி வர எவ்வளவு நேரமானாலும் வீட்டில் யாருக்கும் பால் அவசரமாகத் தேவைப்படாது.