சிக்னல் ஜெயித்ததா? அளந்து பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியின் 9 சந்திப்புகளில் 2012-ல் சர்ட்ராக் என்ற சிக்னல் முறையைச் சோதித்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. வரும் வண்டிகளைப் பார்த்துப் பச்சை நேரத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பயண நேரம் சராசரியாக 25 சதவீதம் குறைந்தது, காத்திருப்பு நேரம் 40 சதவீதம் குறைந்தது என்று முடிவு வந்தது. சோதனை ஒன்று, எண்கள் இரண்டு. சிக்னலில் நிற்கும் நேரம் மொத்தப் பயணத்தில் ஒரு துண்டுதான் என்பதால் இரண்டுமே சரியாக இருக்கலாம். விளம்பரத்தில் எந்த எண் பெரிய எழுத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சதவீதம் எங்கிருந்து கிடைக்கிறது என்று புரிய, ஒரு சாதாரணச் சிக்னலின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சந்திப்பை நோக்கி வரும் சாலையின் அகலம் 7 மீட்டர். லேன் கோட்டை யாரும் மதிக்காத நம் ஊர்களில் சாலையின் கொள்ளளவை அகலத்தை வைத்தே கணிப்பது வழக்கம்: பச்சை இடைவிடாமல் எரிந்தால் மீட்டருக்கு மணிக்கு 525 கார்கள். காருக்கு ஒன்று, டூவீலருக்கு அரை, பஸ்ஸுக்கு மூன்று என்று எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். 7 மீட்டருக்கு 3,675. ஆனால் 120 நொடிச் சுழற்சியில் (எல்லாச் சாலைக்கும் ஒரு முறை பச்சை வந்து முடியும் நேரம்) இந்தச் சாலைக்குப் பச்சை 40 நொடிதான். ஆகவே மணிக்கு 1,225 கார்தான் கடக்க முடியும். அதில் 90 சதவீதம், அதாவது சுமார் 1,100 கார், சீராக வருவதாக வைத்துக்கொண்டால் ஒரு வண்டியின் சராசரிக் காத்திருப்பு 38 நொடி. பச்சையின் பங்கை மாற்றாமல் சுழற்சியை மட்டும் 80 நொடியாகச் சுருக்கினால் அது 25 நொடியாகிவிடும். காசு செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

அப்படியானால் எல்லாச் சிக்னலையும் சுருக்கிவிட வேண்டியதுதானே? முடியாது. பச்சை விழுந்ததும் முதல் வண்டி கிளம்ப நேரமாகும். அடுத்த சாலைக்கு மாறும்போது சந்திப்பு காலியாகவும் நேரம் வேண்டும். நான்கு கட்டச் சிக்னலில் கட்டத்துக்கு 3 நொடி போனால் சுழற்சிக்கு 12 நொடி வீண். 120 நொடியில் அது 10 சதவீதம், 80 நொடியில் 15 சதவீதம். இந்த இழுபறிக்கு 1958-ல் பிரிட்டனின் வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் தந்தார். வீணாகும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கி, 5 கூட்டி, சந்திப்பில் மிச்சமிருக்கும் கொள்ளளவின் பின்னத்தால் வகுக்க வேண்டும். நெரிசல், அதாவது கொள்ளளவில் வண்டிகள் பிடித்துக்கொண்ட பங்கு, 0.7 என்றால் 23-ஐ 0.3-ஆல் வகுக்க, 77 நொடி. 0.9 என்றால் 230 நொடி. 1-ஐத் தொட்டால் சூத்திரமே உடைந்துபோகும்.

சர்ட்ராக் போல நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கிச் சிக்னலின் எல்லையும் அதுதான். 0.6, 0.7 என்று ஏறி இறங்கும் மதிய நேரத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். சாயங்காலம் ஆறரை மணிக்கு நான்கு பக்கமும் வால் நீண்டு நிற்கும்போது, எந்தப் பக்கத்தைக் காக்க வைப்பது என்று தேர்ந்தெடுக்கலாமே தவிர, இல்லாத இடத்தை உண்டாக்க முடியாது. ஆகவே 'சராசரியாக இத்தனை சதவீதம்' என்று யாராவது சொன்னால் எந்த மணிநேரத்தில் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சிட்னியில் பிறந்த ஸ்கேட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட் இரண்டும் இந்தத் துறையின் மூத்தவை. ஸ்கேட்ஸ் நிற்கும் கோட்டருகே வண்டியை உணரும்; ஸ்கூட் வெகு முன்னாலேயே, வண்டி முந்தைய சந்திப்பைத் தாண்டியதும் உணர்ந்து, வரப்போகும் வரிசையை ஊகிக்கும். ஸ்கூட் பச்சையை ஒரு தடவைக்கு நான்கு நொடிக்கு மேல் நகர்த்தாது. திடீரென்று எகிறினால் பக்கத்துச் சிக்னல்களோடு உள்ள தாளம் கெடும். இந்தியாவில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் உருவாக்கிய கோசிகாஸ்ட், நம்முடைய கலப்புப் போக்குவரத்தை மனதில் வைத்துச் செய்தது.

கலப்பு என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. பழைய உணரி, தார்ச்சாலையில் பள்ளம் கீறிப் புதைத்த சில சுற்று மின்கம்பி. மேலே உலோகம் வந்தால் அதன் மின்தூண்டல் குறையும். அதுவே வண்டி வந்ததற்கான அடையாளம். லேனுக்குள் ஒழுங்காக நிற்கும் கார் அதற்கு நன்றாகத் தெரியும். இரண்டு கார்களுக்கு நடுவே நுழைந்து முன்னால் போய் நிற்கும் ஆறு டூவீலர்கள் சரியாகத் தெரியாது. மேல்பூச்சைச் சுரண்டிப் புதுத் தார் போடும்போதோ கேபிளுக்காகத் தோண்டும்போதோ கம்பி அறுந்துபோகும். பழுதான உணரி 'வண்டி நிற்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், காலிச் சாலைக்குப் பச்சை எரியும். கேமராவுக்கு வேறு வியாதிகள்: பஸ் மறைத்த ஆட்டோ, எதிர்வெயில், ஈரச் சாலையில் இரண்டாகத் தெரியும் ஹெட்லைட்.

இனி அளப்பது. பொருத்துவதற்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் என்று ஒப்பிடுவதுதான் வழக்கமான முறை. ஏமாறுவதும் இங்கேதான் அதிகம். மே மாதம் பள்ளி விடுமுறையில் 'பின்' அளவை எடுத்தால் எந்தச் சிக்னலும் ஜெயிக்கும். அதைவிட நுணுக்கமான பொறி ஒன்று உண்டு: புகார் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒரு சாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மோசமான மாதம் எதுவும் செய்யாமலே அடுத்த மாதம் கொஞ்சம் சரியாகும். பெயர் சிக்னலுக்குப் போய்விடும். இதற்கு மருந்து, கை வைக்காத ஒரு சாலையையும் அதே நாட்களில் அளப்பது. அங்கேயும் 8 சதவீதம் குறைந்திருந்தால், அந்த 8 சிக்னலுடையது இல்லை.

எத்தனை ஓட்டம் வேண்டும்? சோதனைக் காரை ஓட்டி அளக்கும்போது பயண நேரத்தின் நியம விலக்கம் (ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 60 நொடி என்றால், சராசரியை 20 நொடிப் பிழைக்குள் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 35 ஓட்டம் தேவை. முன் 35, பின் 35. ஐந்தாறு ஓட்டத்தில் வந்த சதவீதத்தை நம்ப வேண்டாம். கைபேசிகளின் புளூடூத் அடையாளத்தை இரண்டு முனைகளில் பிடித்துப் பொருத்தும் முறை மலிவு. ஆனால் ஒரு பஸ்ஸுக்குள் இருபது கைபேசி இருந்தால் ஒரு பஸ் இருபது வண்டியாகிவிடும். நடுவில் டீ குடிக்க நிறுத்தியவரின் இருபது நிமிடமும் கணக்கில் ஏறும். அதனால் சராசரியை விட்டு இடைநிலை மதிப்பை, அதாவது நேரங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவதைப் பார்ப்பார்கள். கூடவே 95-ஆவது சதமானத்தையும்: நூறு பயணங்களில் 95 முடிந்துவிடும் நேரம். அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதானே.

யாருடைய நேரத்தை அளக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஒரு பக்கம் 60 பேரோடு ஒரு பஸ். குறுக்குச் சாலையில் 20 கார், காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 30 பேர். கார் கணக்கில் பஸ் மூன்று, கார்கள் இருபது. பச்சை கார்களுக்குப் போகும். ஆள் கணக்கில் பஸ் இரண்டு மடங்கு. வரிசையாகப் பச்சை விழும் ஏற்பாட்டிலும் இதே கதைதான். 600 மீட்டர் இடைவெளி, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் அடுத்த சிக்னல் 60 நொடி கழித்துப் பச்சையாக வேண்டும். நடுவில் ஸ்டாப்பில் 25 நொடி நிற்கும் பஸ், பெரும்பாலும் சிவப்பில்தான் போய் மாட்டும். நடப்பவருக்கோ சுழற்சி நீளும்போதெல்லாம் காத்திருப்பு நீளும். பொறுமை போய்ச் சிவப்பிலேயே குறுக்கே நடப்பார். அந்த எண் பெரும்பாலான அறிக்கைகளில் இருப்பதில்லை.

பிரதான சாலையை மட்டும் அளந்தால் குறுக்குச் சாலையின் வரிசை கண்ணில் படாது. நெரிசல் இடம் மாறிப்போவதும் உண்டு. வழிகாட்டிச் செயலிகள் உள்தெருக்களில் வண்டிகளைத் திருப்பிவிட்டதால், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை ஒட்டிய நியூ ஜெர்சியின் லியோனியா ஊர், 2018 ஜனவரியில் நெரிசல் நேரங்களில் தன் தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது.

சந்தேகமில்லாமல் விடை தந்த சோதனை ஸ்டாக்ஹோம் நகருடையது. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, 18 நுழைவிடங்களில் நெரிசல் கட்டணம் வைத்தார்கள். நம்பர் பிளேட்டைக் கேமராவே படிக்கும். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. நிறுத்தியதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது, ஆனால் பழைய அளவை முழுதாகத் தொடவில்லை. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியதும் திரும்ப இறங்கியது. போடு, எடு, போடு. பெட்ரோல் விலை, வானிலை என்று வேறு காரணம் சொல்ல அதிகம் இடமில்லை.

சிக்னலுக்கும் இதைச் செய்யலாம், செலவும் இல்லை: ஒரு வாரம் தானியங்கி, மறுவாரம் நேரம் குறித்த பழைய திட்டம், இப்படி ஆறு முதல் எட்டு வாரம். பழைய திட்டத்தையும் முதலில் புது எண்ணிக்கையை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பத்து வருடம் தொடாத திட்டத்தை ஜெயிப்பது சாதனையில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவையும் வாங்கிப் பாருங்கள். நெரிசல் முற்றும்போது போக்குவரத்துக் காவலர் சிக்னலைக் கைமுறைக்கு மாற்றிவிடுவது சகஜம். அந்த நிமிடங்களைத் தனியே பிரிக்காவிட்டால், காவலரின் திறமையை மென்பொருளின் கணக்கில் வரவு வைத்திருப்பீர்கள்.