38 சதவீதத்தில் நிற்கும் இதயம்

இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று இதய மருத்துவர் கேட்டால், அது பேச்சுக்காகக் கேட்பதல்ல. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குத் திரும்பும். திடமான இதயம் வந்ததை வாங்கி அனுப்பிவிடும். தளர்ந்த இதயத்தால் முடியாது. அழுத்தம் பின்வாங்கி நுரையீரலில் நீர் கசியும். மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். ஒரு தலையணை மூன்றாக மாறுவது இப்படித்தான்.

பிள்ளை பெற்ற சில வாரங்களில் இது நடந்தால் யாரும் இதயத்தை நினைப்பதில்லை. தூக்கமில்லை, ரத்தம் குறைவு, பிரசவ அசதி என்று காரணங்கள் கைவசம் இருக்கும். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் நிறைமாதத்தில் பலருக்கும் வருபவைதானே! பேறுகால இதயத்தசை நோய் இந்தச் சாக்குகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலோ பிரசவமான சில மாதங்களுக்குள்ளோ, வேறு காரணம் எதுவும் தென்படாமல் இதயத்தின் இடது கீழறை வலுவிழப்பதுதான் இந்த நோய். அமெரிக்காவில் சுமார் 1,000 முதல் 4,000 பிரசவங்களுக்கு ஒருவருக்கு வருகிறது. வடக்கு நைஜீரியாவில் ஏறக்குறைய 100 பிரசவங்களுக்கு ஒருவருக்கு.

ஏன் வருகிறது? முழுக் கதை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் சில முடிச்சுகள் அவிழ்ந்திருக்கின்றன. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சில பெண்களின் உடலில் துண்டாக உடைகிறது. அந்தத் துண்டு இதயத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த எலி ஆய்வு 2007-இல் இதைக் காட்டியது. நஞ்சுக்கொடி சுரக்கும் வேறொரு புரதமும் புதுக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறது என்று 2012-இல் தெரிந்தது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயிலும் இரட்டைக் கர்ப்பத்திலும் அந்தப் புரதம் கூடுதல். அப்படிப்பட்ட கர்ப்பிணிகளுக்குப் பேறுகால இதயத்தசை நோய் அதிகம் வருவதும் அதனோடு பொருந்துகிறது. போதாததற்கு, சிலருக்குத் தசையின் சுருள்வில் போன்ற டைட்டின் என்ற புரதத்தின் மரபணுவிலேயே குறை இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். அந்தச் சுமையோடு இவையும் சேரும்போது தசை தாங்குவதில்லை.

இனி தலைப்பிலுள்ள அந்த எண்ணுக்கு வருவோம். எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் அறிக்கையில் ஈ.எஃப். (இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்) என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு சதவீதம். இந்த நோயோடு வாழும் பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரீட்சை மதிப்பெண் போல எதிர்பார்ப்பது இதைத்தான். பலர் இதை இதயம் வேலை செய்யும் சதவீதம் என்றே நினைக்கிறார்கள். 38 என்றால் மீதி 62 செத்துவிட்டது என்று கலங்குகிறார்கள். அது தவறு. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில், ஒரு துடிப்பில் வெளியேறும் பங்குதான் அது. ஆரோக்கியமான இதயமே எல்லாவற்றையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விரிந்துபோன அறை 200 மில்லி பிடிக்கிறது, துடிப்புக்கு 60 மில்லி அனுப்புகிறது என்று வையுங்கள். ஈ.எஃப். 30. ஆறு மாதம் கழித்து அதே அறை 160 மில்லிதான் பிடிக்கிறது, அனுப்புவது அதே 60. ஈ.எஃப். இப்போது 38-ஐ நெருங்கிவிடும். உடலுக்குப் போகும் ரத்தம் துளியும் கூடவில்லை. அந்தப் பெண்ணும் "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்றுதான் சொல்வாள். உள்ளே நடந்திருப்பதோ பெரிய காரியம்: உருண்டு உப்பியிருந்த அறை தன் பழைய நீள்வடிவத்துக்குச் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. அறை அகலமாக, சுவர் மெலிதாக, அதே அழுத்தத்தைத் தாங்கச் சுவர் படும் இழுவிசை கூடும். சுருங்கினால் ஒவ்வொரு துடிப்பின் கூலியும் குறையும். அதனால் அறிக்கையில் ஈ.எஃப்.-ஐ மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், அறையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற வரியையும் போன தடவையோடு ஒப்பிடச் சொல்வேன். இன்னொன்று: எக்கோவில் அளப்பவரும் கோணமும் மாறினாலே ஐந்து புள்ளி முன்பின் ஆகலாம். 38 அடுத்த முறை 35 ஆனால் அது சரிவாகவே இருக்கவேண்டியதில்லை.

இதயம் தேறுவது ஏன் இத்தனை மெதுவாக? தோல் கீறினால் புது செல்கள் வந்து மூடும். இதயத்தில் அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை வைத்து, இதயச் செல்களின் வயதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டார்கள். (குண்டு போட்டதில் விளைந்த ஒரே நன்மை இதுவோ என்னவோ.) 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் புதிதாகிறது. ஆக, தேற வேண்டியது ஏற்கெனவே இருக்கும் செல்கள்தான். அவை நீண்டதிலிருந்து மீண்டு, உள்ளே புரதங்களை ஒவ்வொன்றாக மாற்றி அடுக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஓய்வு வேண்டும், ஆனால் உடல் விடுவதில்லை. ரத்த ஓட்டம் குறைந்ததும், எங்கோ ரத்தப்போக்கு என்று எண்ணிக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது போல. பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்தச் சாட்டையைப் பிடுங்குகிறது. எனாலப்ரில் வகை மாத்திரை உப்பைப் பிடிக்கும் பிடியைத் தளர்த்துகிறது. பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால் பால் கொடுப்பவர்களுக்கும் எனாலப்ரில் தரப்படுகிறது. பீட்டா பிளாக்கரைக் கொஞ்சத்தில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுவார்கள். முதல் சில வாரம் இன்னும் சோர்வாகக்கூட இருக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாக நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

வட அமெரிக்காவில் 100 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015-இல் வெளியானது. ஓராண்டில் 72 சதவீதம் பேருக்கு ஈ.எஃப். 50-ஐத் தொட்டது. தொடக்கத்தில் 30-க்குக் கீழே இருந்து, அறையும் 60 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஓராண்டோடு கதவு மூடிவிடுவதில்லை. அதன் பிறகும் ஏறியவர்கள் உண்டு.

இடைப்பட்ட காலத்தில் வீட்டிலிருக்கும் நல்ல கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. காலில் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீங்குவதற்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும். எடை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். சதை போட்டு அப்படி ஏறாது.

அடுத்த குழந்தை பற்றிய பேச்சு எப்படியும் வரும், சில வீடுகளில் சீக்கிரமே. மறுபடி கருவுற்ற 44 பெண்களைப் பற்றி 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. ஈ.எஃப். தேறியிருந்த 28 பேரில் யாரும் இறக்கவில்லை, ஆனால் ஐந்தில் ஒருவருக்கு இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் திரும்பின. தேறாத 16 பேரில் மூவர் இறந்தார்கள். அதனால் கருத்தடை பற்றிய பேச்சு, தாய் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே நடக்க வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைத் தவிர்த்து, கருப்பையில் வைக்கும் சாதனம் போன்றவற்றையே சொல்வார்கள். எக்கோவில் 55 என்று வந்த பிறகும் இந்த எச்சரிக்கை நீடிக்கும். படுத்தபடி எடுக்கும் எக்கோ, ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டுகிறது; இன்னொரு கர்ப்பத்தின் சுமைக்கு அதில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.